பச்சைச் செருப்பு

உட்காருங்கள் தலைமையாசிரியர் ஐயா. விருந்தினருக்கு வைத்திருக்கும் செருப்போடு நெடுநேரம் நிற்பது கஷ்டம். பள்ளிக்குள் போடும் வெள்ளை ஷூ காணாமல் போனவர்களுக்கும் அதுதான் கதி. பச்சை ரப்பர், எல்லாக் காலுக்கும் ஒரே அளவு, நடந்தால் பட் பட்டென்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும். மாணவன் நெஸு என் ஆலோசனை அறைக்கு அந்தச் சத்தத்தோடுதான் வந்தான்.

"என் கிளாஸ் தொகாஷி தினமும் என் வெள்ளை ஷூவை ஒளிச்சு வைக்கிறான் டீச்சர். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சொன்னா நான் ஸ்கூலுக்கே வர மாட்டேன்."

வாக்குக் கொடுத்தேன். சொன்னால் பையன் படிப்பை விட்டுவிடுவான், சொல்லாவிட்டால் செருப்போடு அலைவான். தொகாஷியைக் கூப்பிட்டு, வகுப்பில் யாராவது யாரையாவது சீண்டுகிறார்களா என்று பொதுவாகக் கேட்டேன்.

"சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர். எல்லாரும் சேர்ந்துதானே சிரிக்கிறோம்!"

அதனால் தொகாஷியின் காலணியை நான் ஒளித்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனியுங்கள். முதலில் முயல் கூண்டுக்குப் பின்னால். அப்புறம் அறிவியல் அறை எலும்புக்கூட்டின் காலில். அதற்கு அழகாகவே இருந்தது.

மறுவாரம் தொகாஷி பட் பட்டென்று வந்தான். "யாரோ என்னைப் படுத்துறாங்க டீச்சர். வெளிய சொல்லாதீங்க, மானமே போயிடும்." அழுதான். பாவமாக இருந்தது. பிஸ்கட் கொடுத்தேன், வாக்கும் கொடுத்தேன். அன்றே போய் நெஸுவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். ஒரே வாரத்தில் வந்த திருத்தம் நிலைக்குமா? அதனால் தொடர்ந்து ஒளித்தேன். மேலும், இரண்டு காலணிதானே என்று நினைக்காதீர்கள், நல்ல இடம் கண்டுபிடிக்க எவ்வளவு யோசிக்க வேண்டும் தெரியுமா?

வகுப்பாசிரியர் நெஸுவைச் சந்தேகப்பட்டார். வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. நெஸு என்னிடம் ஓடிவந்தான்.

"நான் செய்யல டீச்சர். எனக்காக ஒரு வார்த்தை பேசுங்க."

எப்படிப் பேசுவது? தொகாஷிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. நெஸுவுக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

தொகாஷி மட்டும் அவனை நம்பினான். இருவரும் நேற்று உடற்பயிற்சிக் கூடத்தில் ஒளிந்திருந்து, நாற்காலி மேல் நின்று கூடைப்பந்து வளையத்தில் காலணியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது இணைபிரியாத நண்பர்கள். என் தொழிலில் இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் காலணி முயல் கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது ஐயா. இன்று காலைதான் வைத்தேன். முறைக்காதீர்கள். சும்மா விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சேர்ந்துதானே சிரித்தோம்.