மஞ்சள் சட்டை அணிந்து நான் காட்டிய கை

என் பெயர் பொகோமிர் ஹ்ரிபார், வயது ஐம்பது, தந்தை பெயர் அலோய்ஸ். ஸ்லோவேனியாவின் விபாவா பள்ளத்தாக்கில் குடியிருக்கிறேன். நில அளவைப் பொறியாளர். ஃபிச்சோ என்று நாங்கள் அழைக்கும் பழைய சிறு கார்களை வைத்திருப்போர் சங்கத்துக்குச் செயலாளர்.

கடந்த ஞாயிறன்று நடந்த எங்கள் கூட்டுப் பயணத்துக்குப் பாதை வகுத்ததும் கார்களுக்கு எண் ஒட்டியதும் நானே. பொதுச்சாலையில் இவ்வாறு செல்ல முன்னனுமதி வேண்டும் என்பதும், பிற வாகனங்களை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நண்பர்கள் சேர்ந்து போவதற்கு அனுமதி எதற்கு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையை அறுப்பவர் அன்று மாலை எல்லாக் கார்களையும் கழுவ வேண்டும். ஆகவே வரிசை அறாமல் இருக்க, நெடுஞ்சாலைச் சந்திப்பில், முதுகில் 'ஏற்பாட்டாளர்' என்று அச்சிட்ட மஞ்சள் மேற்சட்டையை அணிந்து, நடுச்சாலையில் நின்று, எங்கள் கார்களைக் கைகாட்டி அனுப்பினேன். அதன்பின் கடைசிக் காரில் வந்த திருமதி ஸ்வெத்கா லோகார், வயது அறுபத்தாறு, 'நில்' பலகையருகே வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, பலகை இருக்கே, நின்னுட்டு வரேனே?"

"நின்னா உங்க கிழட்டு வண்டி மறுபடி கிளம்பாது அக்கா. அப்புறம் ராத்திரி வரைக்கும் கார் கழுவணும். நான் பாத்துக்கறேன், வாங்க!"

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அதே நேரத்தில் வளைவிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் அவருடைய காரின் பக்கவாட்டில் மோதியது. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. இடங்களை அளப்பதே என் தொழில். மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்த இளைஞர் யெர்னேய் பாத்திச்சின் இடது கால் முறிந்தது. ஆம்புலன்சுக்குத் தகவல் சொன்னேன். அதன்பின், காவலர் வருமுன், மேற்சட்டையைக் கழற்றி என் காரின் டிக்கியில் வைத்தேன்.

காவலர் கேட்டபோது, எங்கள் விதிப்படி அவரவர் ஓட்டுவதற்கு அவரவரே பொறுப்பு என்றேன்; நான் கைகாட்டியதை மறைத்தேன். அந்த விதியை எழுதியதும் நானே. திருமதி லோகார் என்னைப் பார்த்தார். பிறகு காவலரிடம், பலகை இருந்தது, தான் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னார். அவர்மீது வழக்குப் பதிவாகி, ஓட்டுநர் உரிமம் பறிக்கப்பட்டது. அவர் வசிக்கும் மலைக் குடியிருப்புக்குப் பேருந்து கிடையாது.

இன்று காலை அவரைப் பார்க்கப் புறப்பட்டேன். கீழ்ச்சாலையிலிருந்து காய்கறிப் பையுடன் நடந்து ஏறிக்கொண்டிருந்தார். காரில் ஏறச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

"நீ மஞ்சச் சட்டையக் கழட்டி டிக்கில போட்டத நான் பாத்தேன் தம்பி."

"அப்பவே ஏன் சொல்லலை அக்கா?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன். எண்ணெய் ஊத்தறதுக்கே விதி எழுதற ஆளாச்சே நீ."

அதன்பின் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். திருமதி லோகார் என் சைகையை நம்பியே நிற்காமல் நெடுஞ்சாலையில் நுழைந்தார். மேற்சட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதிகாரி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது. ஓரிடத்தில் மட்டும், கைகாட்டியதைக் 'கூறத் தவறிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். அதை அடித்து, 'மறைத்தேன்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) பொகோமிர் ஹ்ரிபார்