மதகுக் கைப்பிடி யார் வீட்டில் இருக்க வேண்டும்?

வாய் மூடி இருந்த காலம் போதும்! பதினோரு ஆண்டுக்கு முன் என் மனுவில் கையெழுத்திட மறுத்தவரும், அதற்காக நான் இன்னும் மன்னிக்காதவருமான அவைத் தலைவர் கஃபூர் மோரல் அவர்களே, தென்வங்கத்து ஷிப்ஸா நதிக்கரையின் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வயலில் நெல் நிற்கிறது.

அன்று கரையின் மதகும் அதைச் சுற்றித் திறக்கும் கைப்பிடியும் இறால் பண்ணை முதலாளி வசம் இருந்தன. அவர் நினைத்தால் உப்பு நீர் உள்ளே வரும்; நினைத்தால் மழை நீர் வெளியே போகும். தேர்தல் வந்தால் அவர் மேடை போட்டாரா? துண்டறிக்கை அச்சடித்தாரா? கைப்பிடியை வாசலில் சாய்த்து வைத்தார், அவ்வளவுதான்! ஓட்டு நம் கையில். உலை அவர் கையில். வென்றது யார்? மனு எழுதி வீடு வீடாக அலைந்தேன். "மாஸ்டருக்குப் பேனா அரிக்குது" என்றார் நம் தலைவர். என் பெயர் மட்டுமே தாங்கிப் போன அந்தக் காகிதத்தின் மேல், 'தனிப்பட்ட பகை' என்று எழுதி நீர்ப்பாசன அலுவலகத்தில் மூடினார்கள்.

பிறகு பண்ணை நொடித்தது, மதகு நம்மிடம் வந்தது. நாம் செய்த காரியம் என்ன? ஒருவரை ஒருவர் நம்பாமல், கைப்பிடியை வடக்குத் தெரு எடுத்தது. மதகுப் பூட்டின் சாவியைத் தெற்குத் தெரு எடுத்தது!

போன சிராவண மாதம் மூன்று நாள் மழை. காலை பத்து மணிக்குக் கடல் ஓதம் இறங்கி ஆற்று மட்டம் தாழ்ந்தது. அப்போது திறந்தால்தான் தண்ணீர் வடியும். கரைமேல் கஃபூர் மோரல் கைப்பிடியோடு. எதிரே தெற்குத் தெரு நிரஞ்சன் கயேன் இடுப்பில் சாவியோடு.

"சாவிய அவன் கொண்டாந்து குடுக்கட்டும்."

"மொதல்ல அவரு கைப்பிடியக் கீழ வைக்கட்டும்."

நானும் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லையே என்ற குரூரத் திருப்தியோடு நின்றேன். அப்போது பள்ளத்து வீட்டு மொமேனா, தலையில் கோழிக் கூடையோடு இடுப்பளவு நீரில் வந்தாள்.

"சாச்சா, வடக்குத் தண்ணி தெற்குத் தண்ணின்னு தனித்தனியாவா வருது? என் அடுப்பு முங்கிடுச்சு!"

"பொறும்மா, பேசிக்கிட்டுதானே இருக்கோம்" என்றார் நிரஞ்சன்.

"நல்லாப் பேசுங்க. ஆறு ஏறினதும் நாளைக்கு மிச்சத்தப் பேசலாம். நான் இருக்க மாட்டேன், கோழி பதில் சொல்லும்!"

சொன்னவள் கூடையைத் தலைவர் தலையில் வைத்தாள், கைப்பிடியைப் பறித்தாள். நிரஞ்சன் சாவியைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். பத்துக் கைகள் சுற்றின. மதியத்துக்குள் நாற்றின் தலை தெரிந்தது, நாடு தெரிந்தது!

அன்று முதல் கைப்பிடி, சாவி இரண்டும் மொமேனா வீட்டில். ஏன்? முதலில் மூழ்கும் வீடு அது. முதலில் மூழ்குபவளே முதலில் திறப்பாள்! கூட்டத்துக்கு ஒருநாளும் அழைக்கப்படாத அவள் முற்றத்தில், இன்று வேட்பாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 'பள்ளத்துக்குப் பாதை எப்போது?' என்று அவள் கேட்கிறாள். பாயில் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள்.

இப்போது அலுவலகம் கேட்கிறது: படிக்காத பெண்ணிடம் அரசாங்கப் பொருளா? நாளைக்குள் பதில் போகாவிட்டால் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல். "மாஸ்டர் வீட்டுலயே வச்சிரலாமா"வா? வேண்டாம் ஐயா! என் வீடு மேட்டில் இருக்கிறது. தண்ணீர் என்னைத் தொடும்போது மொமேனா மிதந்து போயிருப்பாள். படிப்பு வெள்ளத்தை அளக்கும். பள்ளம்தான் வெள்ளத்தை அறியும்! கைப்பிடி அங்கேயே இருக்கும் என்போர் கை உயர்த்துங்கள்... தலைவரே, உங்கள் கையுமா! இந்த ஒரு கைக்காகப் பாதிப் பகையைத் தள்ளுபடி செய்கிறேன்.

பதிலை எழுதி வைத்திருக்கிறேன். உயர்ந்த கைகளின் எண்ணிக்கையை அதில் சேர்ப்பேன். கேட்ட செவிகளுக்கு நன்றி, உயர்ந்த கைகளுக்கு வணக்கம். என் பெயரைக் கண்டால் இன்னொரு பகை என்று மூடிவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் விஷயத்தைப் படித்தே ஆக வேண்டும். ஆகவே, நாளைக் காலை தபாலில் சேர்க்கப்போகும் அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை.