எண்பதடி வெள்ளைக் கோடு

ஸ்டேஷனில் நல்ல நாற்காலி போட்டிருக்கிறீர்கள். கோர்ட்டில் கொடுத்தது ஆடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கடைசியில் எழுத்துக் கூட்டி நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். போலீஸ் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் இவ்வளவும் ஆரம்பித்தது.

முப்பத்தொரு வருடம் சாலையில் கோடு போட்டவன் நான். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஹைவேயிலிருந்து ஒரு பாதை பிரிந்து வெளியே போகிற இடத்தில், கோட்டைத் தாண்டி லேன் மாறினேன் என்று ஒரு போலீஸ்காரர் அபராதச் சீட்டு கொடுத்தார். டயர் கோட்டைத் தொட்டது, தாண்டவில்லை. கோட்டைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார். அது மூன்றாவது சீட்டு, லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். என் வயதில் லைசென்ஸ் போனால் போனதுதான்.

"ஒத்துக்கிட்டு வந்துடுங்கப்பா. பஸ் இல்லாத ஊரா இது?" என்றாள் மகள்.

"பஸ்ல உன் மாமனார் போகட்டும்" என்றேன்.

கோர்ட்டில் வாய்ப்பேச்சு எடுபடாது, படம் வேண்டும். கோடு கண்ணுக்கே தெரியாத படம். போய்ப் பார்த்தால் கோடு பளிச்சென்று இருந்தது. அதற்கு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன்.

பழைய ஆரஞ்சுச் சட்டை, சாலையில் வைக்கிற கூம்பு ஐந்து, பெயிண்ட் உருட்டுகிற உருளை ஒன்று, வேண்டாத கோட்டை மறைக்க நாங்கள் பூசுகிற கருப்புப் பெயிண்ட் ஒரு டின். பட்டப்பகல் பதினோரு மணி. அந்தச் சட்டை போட்டவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. எண்பதடி பூசினேன். நடுவில் அதே போலீஸ்காரர் வந்தார். வேகத்தைக் குறைத்து, "பாத்து தாத்தா, வண்டிங்க வேகமா வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அடையாளம் தெரியவில்லை. இந்தக் கண்தான் என் டயரைப் பார்த்ததாம்.

படம் எடுத்த கையோடு கோட்டைத் திரும்பப் போட்டிருக்கலாமே என்பீர்கள். நீதிபதி இடத்தைப் பார்க்க ஆள் அனுப்பினால்? கேஸ் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் மழை. பாதை எங்கே பிரிகிறது என்று தெரியாமல் ஒரு வேன் நடுவிலிருந்த கான்கிரீட் சுவரில் மோதிவிட்டது. நாலு பேர். பேப்பரில் படம் பெரிதாக வந்திருந்தது. என் படத்தைவிட அதில் சாலை தெளிவு. அதையும் வெட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. கேஸுக்குச் சம்பந்தமில்லாதது, அதைக் கத்தரித்துவிட்டேன்.

நீதிபதி அம்மா இரண்டு படத்தையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மேல தப்பில்ல, பெரியவரே. கோடு போட்டவன் ஒழுங்கா போட்டிருந்தா அந்த நாலு பேரும் இன்னைக்கு இருந்திருப்பாங்க."

ஜெயித்துவிட்டேன். லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கேகூட நானே ஓட்டிக்கொண்டுதான் வந்தேன். மகளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி ஒரு சொல்லைக் கேட்டபின் எப்படி இறங்கும்?

பெயிண்ட் டின் வண்டியின் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மறைத்தது நான்தான், கூட யாரும் இல்லை. அதை எழுதுங்கள். ஆனால் அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள்: அந்தக் கோட்டைப் போட்டதும் நான்தான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு விரற்கடை தேயவில்லை. கருப்பைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் அப்படியே இருக்கும்.