கடல் பக்கம் யார் இருப்பது

அம்பாறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். தொப்பி போட்டவர், “கடல் பக்கம் நான் இரிக்கன், மச்சான்” என்று ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தபோதுதான் காதைக் கொடுத்தேன்.

“நாம இப்ப போற குடிய விட்டவங்கட கூட்டம் கடற்கரையிலயா?” மற்றவர் கேட்டார்.

“முதல்ல அங்கதான் வெச்சன், நல்ல காத்தெண்டு. ஒருத்தரும் குந்தல்ல. சுனாமியில பிள்ளையக் குடுத்தவன் கடலுக்கு முதுகக் காட்டிக் குந்துவானா? என்ட புத்திக்கு அண்டைக்குத்தான் வெளங்கின. இப்ப மாவடிப்பள்ளியில, வயல் காவலுக்குப் போட்ட வாடிக் கொட்டில்ல.”

“ஏன் குடிச்ச எண்டு கேப்பீங்களா?”

“அத ஊரே கேட்டிட்டு. நாங்க தேத்தண்ணி தந்து, எங்க குந்தப்போறாய் எண்டுதான் கேப்பம்.”

காரைதீவுச் சந்தியில் பஸ் வயல் பக்கம் திரும்பியது.

“வாசலுக்கிட்ட குந்துவன், மச்சான். ஓடுறத்துக்கு,” என்றார் மற்றவர்.

“நாலு வரிசமாக் குடிக்காத நானும் அங்கதான் குந்துற. ரெண்டு பேருக்கும் இடமிரிக்கி.”