செம்பகம் நிக்காளா

கருத்தப்பாறைக்குக் கரண்டு கம்பி வந்து ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்ததாம். அப்போது நடந்தது இது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நல்லபெருமாள் ஆசாரி மரம் கடைகிறவர். கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் கடைவார். தரையில் உட்கார்ந்து, உளியைக் கையால் பிடித்து, கால் பெருவிரலால் அழுத்திக்கொள்வார். எதிரே அவர் பெண்டாட்டி செம்பகம். கட்டையில் சுற்றிய கயிற்றை இப்படியும் அப்படியும் இழுப்பாள். கட்டை சுழலும். அவர் "நிறுத்து" என்பார். அவள் கை நிற்கும். கை நின்றால் கட்டை நிற்கும். இருபது வருஷம் இப்படித்தான்.

பிறகு மோட்டார் வந்தது. உட்கார்ந்தே பழகியவர், தாழ்வாகப் பலகை போட்டு அதைப் பூட்டினார். சுவிட்சு பின்சுவரில், எழுந்து போனால்தான் எட்டும். பெல்ட்டு ஓடியது செம்பகம் கயிறு இழுத்த அதே இடத்தில். அவளும் அங்கேயே வந்து உட்கார்ந்தாளாம்.

"இன்னும் இங்க என்னட்டி வேலை? மோட்டாருக்குப் பேன் பாக்கப் போறியா?"

"உங்க காலு சும்மா கிடக்குமான்னு பாக்க வந்தேன்."

கிடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டில் காலைக் கடையும்போது உளி அதிர்ந்தது. பெருவிரல் தானாகப் போய் அழுத்தியது. வேட்டி நுனி கட்டையில் சுற்றியது. சுற்றிய வேட்டி காலையும் இழுத்தது.

"நிறுத்துட்டி" என்று கத்தினார்.

மோட்டாருக்குக் காது ஏது? அவளுக்கு இருந்தது. இருபது வருஷம் அந்தச் சொல்லைக் கேட்ட காது. சுவிட்சு நினைப்பே வரவில்லையாம். முன்னால் ஓடிய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள், கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

பெல்ட்டு கழன்றது. கட்டை நின்றது. அவருக்குக் கணுக்காலில் தோல் உரிந்ததோடு சரி. அவளுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

"சுவிட்ச அமத்தக் கூடாதா, பாவி?" என்று அழுதாராம்.

"நிறுத்துன்னு சொன்னிய. நிறுத்துனேன்."

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனாலும் சொல்ல மாட்டார். வண்டி தானாக எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கி, திரும்பி நடந்து வருவார் என்பார்கள். கடைசி வரைக்கும் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவர் அவர்தான். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லையாம்.

இன்றைக்கும் அந்த ஊர்ப் பட்டறைகளில் மோட்டாரைப் போடுமுன் ஒருவன் கேட்பான், "செம்பகம் நிக்காளா?" சுவிட்சுப் பக்கம் நிற்கிறவன், மீசைக்காரனாக இருந்தாலும், "நிக்கேன்" என்பான். பதில் வராவிட்டால் போடமாட்டார்கள்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். ஒரு பட்டறையில் ஒற்றை ஆள். வாசலில் போன என்னைப் பார்த்து அதையே கேட்டான். எனக்கு ஆயிரம் சோலி.

"நிக்கேன். சீக்கிரம் முடி" என்றேன்.

அவன் முடிக்கிற மட்டும் சுவிட்சுப் பக்கம் நின்றேன்.