சுந்தரிக்கு நான் வாசித்த கதைகள்

நூலகத்துப் புத்தகங்களை நான் ஒருநாளும் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஹென்டர்சன் நூலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போன மாதம் பை நிறையக் காதல் நாவல்களும் துப்பறியும் கதைகளும் எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் ஒரு பக்கம்கூட மடங்காமல் கெடுவுக்குள் கொடுத்துவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், மேடம். ஆல்பனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. ஆனாலும் போலீஸ்காரர் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டும் என்றேன். மனைவியைப் பற்றிப் பேசும்போது தமிழில் பேசுவதுதான் மரியாதை. நான் சொல்வதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சுந்தரி இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளுக்கு இங்கிலீஷ் என்றால் நான்தான். டாக்டர் சொல்வது, கடைக்காரர் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயைப் பற்றிச் சொல்வது எல்லாமே என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போகும். நான் சொன்னதும் தலையாட்டுவாள். நல்ல வருடங்கள் அவை. பிறகு நூலகத்திலிருந்து காதல் நாவல்கள் எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் அகராதியோடு, அப்புறம் அகராதி இல்லாமல். அங்கிருந்து துப்பறியும் கதைகளுக்குப் போனாள். ஒரு சின்ன ஊர், ஒரு கேக் கடை, ஒரு பூனை, ஒரு பிணம். ரத்தமே இருக்காது. “மூணாவது அத்தியாயத்துலயே கொலைகாரன் யாருன்னு சொல்லிடுவேன்” என்பாள். சொல்லியும் விடுவாள்.

நூலகத்து வாசகர் வட்டத்தில்தான் நிருஜாவின் பழக்கம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், முதியோர் இல்லத்தில் நர்ஸ். இரண்டு பேரும் ரயிலேறி எங்கெங்கோ போய் வருவார்கள். ஒருநாள் டாக்டரிடம் போனபோது, “நானே பேசிக்கறேன், நீங்க வெளிய உக்காருங்க” என்றாள் சுந்தரி. எனக்கு வலித்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அவளுக்கு இடது கண் பிறவியிலேயே மங்கல். இருந்த ஒரே நல்ல கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து, உள்ளே வாயுக் குமிழ் வைத்து, முதல் சில நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும், ஒரு மாதம் படிக்கவே கூடாது என்றார்கள். சுந்தரி அரை மயக்கத்தில் இருந்ததால், வீட்டில் கவனிக்க வேண்டியதையெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள். நான் லீவு போட்டேன்.

போனே புத்தகம் வாசித்துக் காட்டுமே என்றாள் நிருஜா. போன் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்றேன். “கேக்கிறதுக்கு என்னத்துக்கு அண்ணை வெளிச்சம்?” என்றாள். அவள் அப்படித்தான், எதையும் திருப்பிக் கேட்பாள்.

நானே வாசித்தேன். கண்ணால் இங்கிலீஷைப் பார்த்து வாயால் தமிழில் சொன்னேன். “தமிழ்ல கேக்க சுகமா இருக்குங்க” என்றாள் சுந்தரி, தலையணையில் முகம் வைத்தபடி. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய குரல் அது. அந்தக் குரலுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

முதல் துப்பறியும் கதையில் கொலைகாரன் கணவன். ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டு, மனைவிக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுக்கிற சாது. படுத்துக் கிடப்பவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது? சூப் கொண்டுவரும் சிநேகிதிதான் கொன்றாள் என்று மாற்றிச் சொன்னேன். நல்ல எண்ணம்தான். “அட, நான் புருஷன்னுல்ல நினைச்சேன்” என்றாள் சுந்தரி. கண்டுபிடிப்பில் தோற்றது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் நிருஜா சூப்போடு வந்தாள். “விஷம் கிஷம் போடலையே?” என்று கேட்டாள் சுந்தரி. “ஓம் அக்கா, ரெண்டு கரண்டி போட்டனான்” என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம்.

காதல் நாவல்களில் அவ்வளவு வேலை இல்லை. வேறு ஊருக்குப் போய்ப் புது வாழ்க்கை தேடிக்கொள்ளும் பெண்களைக் கடைசியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். துப்பறியும் கதைகளில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பேக்கரிக்காரி, பூக்கடைக்காரி, டீக்கடைக்காரி என்று எல்லாவற்றிலும் சிநேகிதிகளே சிக்கினார்கள். சுந்தரி மறுபடியும் மூன்றாவது அத்தியாயத்திலேயே சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்காகச் சுந்தரி காதிலிருந்து கழற்றிய வைரத்தோடு மேஜை டிராயரில் இருந்தது. அதை எடுத்து என் காரில் வைத்தேன். அது திருட்டாகாது. என் வீட்டுப் பொருள் என் காரில் இருந்தது, அவ்வளவுதான். டிராயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த ரூமுக்கு நீங்களும் அவளும்தானே வரீங்க?” என்றாள் சுந்தரி. யார் மேலும் நான் பழி சொல்லவில்லை, மேடம். அவளே கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு கண்ணுக்கு மருந்து விட நிருஜா வந்தபோது, “அவர் விடட்டும்” என்றாள். சூப்பைக் கொட்டச் சொன்னாள். கொட்டிவிட்டு, பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம், கண்ணோரத்தில் திரைபோல ஏதோ கறுப்பாக இறங்குகிறது என்று பேச்சுவாக்கில் நிருஜாவிடம் சொன்னாள். நிருஜா பையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, இது விளையாட்டில்லை. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். எழும்புங்கோ, நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன். அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ.”

நான் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அந்த டீக்கடைக்காரி மாதிரியே நீயும் என்னைக் கார்ல ஏத்தப் பாக்கறியா? என் தோட்டைக் குடுத்துட்டுப் போ” என்றாள். நிருஜா பையை எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே போனாள்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பைப் பற்றிச் சுந்தரி அன்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். குமிழ் கரைகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். நிழல் தெரிந்தால் அன்றே கூட்டி வாருங்கள், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மத்தியானம் ஒரு அத்தியாயம் வாசித்தேன். இல்லாத வியாதியைச் சொல்லி டீக்கடைக்காரி சிநேகிதியைப் பயமுறுத்திக் காரில் ஏற்றுகிறாள். புத்தகத்தில் அந்தக் கார் கிடையாது. வியாதியும் கிடையாது.

அடுத்த வாரம் நானே அவளைக் கூட்டிப் போனேன். காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நிருஜாவும் அதே நூலகத்துக்காரி என்பதை மறந்துவிட்டேன். டீக்கடைக்காரி யார் என்று தேடி, எங்கள் கட்டிலருகே அவள் பார்த்திருந்த, நான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

சுந்தரிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கட்டிலில் ஒரு காதல் நாவல் பாதியில் இருக்கிறது. நான் எப்போது வருவேன் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் எதற்கும் என்னைத்தான் கேட்கிறாள். நாளைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததை அவளிடம் சொல்லப் போவதாகப் போலீஸ்காரர் சொல்கிறார். அவர் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம். நானே சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொன்னால் அவள் தாங்குவாள் என்று எனக்குத்தான் தெரியும்.