வலிக்காத பல்

மருமகள்: வாயைத் திறந்தாத்தானே அத்தை பார்க்க முடியும்?

மாமியார்: திறந்துதானே வெச்சிருக்கேன்.

மருமகள்: பேசறதுக்குத் திறந்து வெச்சிருக்கீங்க. அது வேற.

மாமியார்: மாமியார் வாயை அடைக்கறதுக்குன்னே பல் டாக்டருக்குப் படிக்கப் போனியாக்கும்.

மருமகள்: அசையாதீங்க... எந்தப் பல்லு வலிக்குது?

மாமியார்: இதோ, மேல... முன்பக்கம். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல.

மருமகள்: நீங்க விட்ட குறட்டையில பக்கத்து ரூம்ல எங்களுக்குத்தான் தூக்கமில்ல.

மாமியார்: அது... வலியில வந்த முனகல்.

மருமகள்: சரி, தட்டிப் பாக்கறேன். வலிக்குதா?

மாமியார்: ஆ... ஆங்.

மருமகள்: அத்தை, நான் இன்னும் தட்டவே இல்ல.

மாமியார்: தட்டப் போறேன்னு சொன்னதுமே வலிக்குதே.

மருமகள்: இந்தப் பல்லா, பக்கத்துப் பல்லா?

மாமியார்: உனக்கு எது வசதியோ அது.

மருமகள்: என்னது?

மாமியார்: ஒண்ணுமில்ல. இதுதான். புடுங்கிடு.

பேராசிரியர்: என்னம்மா, பேஷண்ட் கிடைச்சாச்சா? இன்னைக்குக் கடைசி நாள். இன்னும் ஒரு பல் எடுத்தாத்தான் உன் பேரைப் பரீட்சைக்கு அனுப்ப முடியும்.

மருமகள்: தெரியும் சார். பாத்துட்டிருக்கேன்.

மாமியார்: கவலைப்படாதீங்க சார். இவ என் மருமக. எடுத்துடுவா.

பேராசிரியர்: மாமியாரா... தைரியம்தான் உங்களுக்கு. எக்ஸ்ரே பாத்துட்டுக் கூப்பிடும்மா. நான் பக்கத்துல வராம கை வைக்காதே.

மாமியார்: போயிட்டாரா? நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. ம்... ஊசியைப் போடு.

மருமகள்: அத்தை... இந்தப் பல்லுல ஒரு குறையும் இல்ல. சொத்தை இல்ல, ஆட்டமில்ல. இப்ப எடுத்த எக்ஸ்ரேல வேர் அவ்வளவு சுத்தமா இருக்கு.

மாமியார்: எக்ஸ்ரேக்கு என்ன தெரியும்? வலி எனக்குத்தானே.

மருமகள்: நல்ல பல்லைப் புடுங்கச் சொல்றீங்க.

மாமியார்: நல்லதோ கெட்டதோ, என் பல்லு. ஒண்ணு குறைஞ்சா குடியா முழுகிடும்? உனக்கு ஒரு வருஷம் வீணாப் போகாது பாரு.

மருமகள்: அதுக்குத்தான் வந்தீங்களா... வீட்டுல யாருக்காவது பல்வலி இருக்கான்னு கேட்டப்போ, 'எங்க பரம்பரைக்கே பல்லு இரும்பு'ன்னீங்க.

மாமியார்: இரும்பு துருப்பிடிக்காதா?

மருமகள்: மாட்டேன் அத்தை. வருஷம் போனா போகட்டும்.

மாமியார்: போனா போகட்டுமா? அடுப்புப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, கரண்டியும் கையுமா மனப்பாடம் பண்ணியே, அதெல்லாம் எதுக்கு?

மருமகள்: நல்ல பல்லைப் புடுங்கிப் பாஸ் பண்றதுக்கு இல்ல. அப்படிப் பாஸ் பண்ணிட்டு நாளைக்கு எந்த முகத்தோட இன்னொருத்தரை வாயைத் திறங்கன்னு சொல்வேன்... இருங்க. இன்னும் கொஞ்சம் திறங்க. நாக்கை ஏன் குறுக்கே கொண்டு வர்றீங்க?

மாமியார்: அது தானா வருது.

மருமகள்: எடுங்க அத்தை... கிராம்பு வாசனை வேற அடிக்குது.

மாமியார்: சும்மா... வாய்க்கு நல்லதாம்.

மருமகள்: கீழ, இடது பக்கம். பல்லு பாதி இல்லவே இல்ல. சுத்தி ஈறெல்லாம் வீங்கியிருக்கு. லேசாத்தான் தொடறேன்...

மாமியார்: அம்மா...

மருமகள்: இது நிஜமான அம்மா. இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு வலிக்காத பல்லைக் காட்டினீங்களா? இதை எடுத்தா உங்களுக்கு வலி போகும், எனக்கும் கணக்கு முடியும்.

மாமியார்: அது வேணாம்.

மருமகள்: ஏன்?

மாமியார்: வேணாம்னா விடேன். அது எனக்குப் பழகிடுச்சு.

மருமகள்: பல்வலி யாருக்காவது பழகுமா?

மாமியார்: உன் மாமனார் பழகலையா?

மருமகள்: சிரிக்க வெச்சுத் தப்பிக்காதீங்க... அத்தை, நானும் ஒண்ணு சொல்றேன். காலேஜ்ல எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொன்னேனே, பொய். போன மாசம் ஒரு பெரியவருக்குப் பல் எடுக்கறப்போ வேர் பாதியில உடைஞ்சுடுச்சு. சார் வந்துதான் மீதியை எடுத்தாரு. அதுலேர்ந்து பல் புடுங்கற குறடைக் கையில எடுக்கவே பயமா இருக்கு. வந்த பேஷண்டையெல்லாம் மத்தவங்களுக்குத் தள்ளி விட்டுட்டு, யாருமே கிடைக்கலைன்னு வீட்டுல வந்து சொன்னேன். நான் சொல்லிட்டேன். இப்போ நீங்க சொல்லுங்க, இந்தப் பல்லை ஏன் மறைச்சீங்க?

மாமியார்: நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அன்னைக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுதியே, வாளி வழியற சத்தத்துக்கு மேல கேட்டுது உன் அழுகை. அப்புறம் சிநேகிதிகிட்ட போன்ல சொன்னதும் காதுல விழுந்துது. மறு வாரமே எனக்கு இந்த வலி. தெருமுனை டாக்டர், வேர் கொக்கியா வளைஞ்சிருக்கு, எடுக்கறப்போ உடைஞ்சாலும் உடையும்னாரு. இதைக் கொண்டு வந்து உன் கையில கொடுத்து, உன்னை மறுபடியும் அழ வெக்கணுமா? அதான் கண்ணாடி முன்னாடி நின்னு, சுலபமா வர்றதா ஒரு பல்லைப் பொறுக்கிக்கிட்டு வந்தேன்... சரி, கண்ணைத் துடை. இதுக்கும் எக்ஸ்ரே எடு, சாரைக் கூப்பிடு. கீழ்ப் பல்லையே எடு. உடைஞ்சா உடையட்டும், பாதிப் பல்லோட நான் எங்க ஓடிடப் போறேன், சாயங்காலம் நம்ம வீட்டுக்குத்தானே வரணும்.